மார்ச் 23-இல் பிறந்த பஸ்

1977 மார்ச் 23. அன்று ஃபோர்டு நிறுவனம் ஒரு பஸ் சேஸியைக் கட்டி முடித்தது. சேஸி என்றால் எஞ்சின், சக்கரம், ஸ்டியரிங், பெட்ரோல் டேங்க் எல்லாம் இருக்கும். மேலே கூடு மட்டும் இருக்காது. கூடு கட்டியது சுப்பீரியர் என்கிற வேறொரு கம்பெனி. மஞ்சள் பெயின்ட் அடித்து, 66 பிள்ளைகள் உட்காரும்படி சீட் போட்டு, அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் ஒரு பள்ளி நிர்வாகத்திடம் அந்த பஸ் போய்ச் சேர்ந்தது. வருடக்கணக்கில் பிள்ளைகளை ஏற்றி இறக்கியது. பள்ளி அதைக் கழித்துக் கட்டியபோது, ராட்கிளிஃப் என்ற ஊரின் சர்ச் ஒன்று வாங்கிக்கொண்டது.

இந்த பஸ்ஸைப் பற்றி நான் முதலில் படித்தது ஜேம்ஸ் குனன் 1994-இல் எழுதிய ஒரு புத்தகத்தின் வழியாக. அதிலிருந்து எனக்கு ஒட்டிக்கொண்டது அந்தத் தேதிதான். மார்ச் 23. ஒன்பது நாள் கழித்து, ஏப்ரல் 1-ஆம் தேதி, அமெரிக்காவில் பெரிய பள்ளி பஸ்களின் பெட்ரோல் டேங்குக்கான பாதுகாப்பு விதி அமலுக்கு வந்தது. அதாவது ஏப்ரல் 1-இலிருந்து கட்டப்படும் பள்ளி பஸ்ஸின் டேங்க், எங்கே இடித்தாலும் சுலபத்தில் உடையாதபடி இருந்தாகணும். மார்ச் 31-ஆம் தேதி கட்டியதற்கு அந்தக் கட்டாயம் இல்லை.

சட்டம் என்றால் ஏதோ ஒரு தேதியில் தொடங்கித்தானே ஆகணும் என்று நீங்கள் கேட்கலாம். நியாயம்தான். அந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், வருகிறேன்.

1988 மே 14, சனிக்கிழமை. ராட்கிளிஃப் சர்ச்சிலிருந்து பிள்ளைகளை ஒஹையோ மாநிலத்தில் இருக்கும் கிங்ஸ் ஐலண்ட் என்ற கேளிக்கைப் பூங்காவுக்குக் கூட்டிப்போயிருந்தார்கள். நாள் முழுக்க ராட்டினம், ரோலர் கோஸ்டர். பஸ்ஸில் மொத்தம் 67 பேர். அதில் பெரியவர்கள் நான்கே பேர். திரும்பும் வழியில் நிறுத்தி, 60 கேலன் பிடிக்கும் டேங்க்கில் பெட்ரோல் நிரப்பினார்கள். டீசல் இல்லை, பெட்ரோல். அந்தக் காலத்துப் பள்ளி பஸ்களில் ஏராளம் பெட்ரோலில்தான் ஓடின.

இரவு 11 மணிக்குக் கொஞ்சம் முன்னால், கேரல்டன் ஊர்ப் பக்கம் 71-ஆம் எண் நெடுஞ்சாலையில் போய்க்கொண்டிருந்தபோது, எதிர்த் திசையில் ஒரு பிக்கப் வண்டி தவறான பாதையில் ஏறி நேராக வந்து முட்டியது. ஓட்டியவர் தலைகால் புரியாத போதையில் இருந்தார். மோதிய இடம் பஸ்ஸின் முன்புற வலது மூலை. லாரிக்கு அடியில் அடுக்கடுக்காக வளைந்து கிடக்குமே இரும்புப் பட்டைகள், லீஃப் ஸ்பிரிங், அது கழன்று பின்னால் தள்ளப்பட்டு, டேங்க்கைக் குத்திக் கிழித்தது. டேங்க் இருந்த இடம் எது தெரியுமா? முன்வாசல் படிக்கட்டுக்கு நேர் பின்னால், சட்டத்துக்கு வெளியே, ஒரு தகடு பாதுகாப்புக்கூட இல்லாமல். அமெரிக்காவில் வாசல் வலது பக்கம். ஏறி இறங்கும் ஒரே வழி மோதலில் அடைபட்டுப்போனது; தீ ஆரம்பித்ததும் அங்கேயேதான்.

மிச்சம் இருந்தது பின்பக்க அவசரக் கதவு. அறுபதுக்கு மேற்பட்டவர்கள் இருட்டில் அதை நோக்கி ஓடினார்கள். நடைபாதையின் அகலம் 12 அங்குலம். ஒரு முழம்கூட இல்லை. நம் ஊர் டவுன் பஸ்ஸில் கூட்ட நேரத்தில் கண்டக்டர் பக்கவாட்டில் திரும்பித் திரும்பி வருவாரே, அவருக்கு இருக்கும் இடத்தைவிடக் குறைவு. அந்தச் சந்திலும் பானங்கள் வைத்திருந்த ஒரு ஐஸ் பெட்டி கிடந்தது. பின்கதவின் இரண்டு பக்கமும் கடைசி வரிசை சீட்டுகள் நீட்டிக்கொண்டு வழியைப் பாதி அடைத்திருந்தன. சன்னல்கள் சின்னது, ஒல்லியான பிள்ளைகள் சிலர் அதில் நுழைந்து வெளியே விழுந்தார்கள். சீட்டுக்குள் இருந்தது பாலியூரித்தேன் நுரை, மேலே வினைல் உறை. அது எரிந்தால் வரும் கறுப்புப் புகையை இரண்டு மூச்சு இழுத்தால் போதும், கால் நிற்காது.

இறந்தவர்கள் 27 பேர். அதில் 24 பேர் சிறுவர் சிறுமியர். 34 பேருக்குக் காயம். 67 பேரில் ஒரு கீறலும் இல்லாமல் தப்பித்தவர்கள் 6 பேர். மோதலால் ஒருவர்கூடச் சாகவில்லை. அத்தனை பேரும் புகையிலும் தீயிலும்தான் போனார்கள். பஸ்ஸை ஓட்டியவரும் அந்த 27-இல் ஒருவர்.

அமெரிக்காவில் இந்த விபத்து இன்றும் நினைவுகூரப்படுவது, குடித்துவிட்டு ஓட்டியதால் நேர்ந்த மிக மோசமான விபத்து என்றுதான். அது உண்மை. ஓட்டியவருக்கு 16 வருடச் சிறை கிடைத்தது. மகளை இழந்த ஒரு தாய் பிற்பாடு, குடிபோதை ஓட்டத்துக்கு எதிரான தாய்மார் இயக்கத்தின் தேசியத் தலைவரே ஆனார். சாராயம், ஒரு குற்றவாளி, ஒரு தண்டனை. கதை அழகாக முடிந்துவிடுகிறது. பஸ் இந்தக் கதையில் வெறும் இடம், சம்பவம் நடந்த இடம், அவ்வளவுதான்.

ஆனால் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் தன் அறிக்கையில் இரண்டையும் பிரித்து எழுதியது. விபத்துக்குக் காரணம் குடிபோதை. இத்தனை பேர் செத்ததற்குக் காரணம் வேறு: டேங்க் துளைபட்டது, பின்கதவைச் சீட்டுகள் பாதி மறைத்தது, சீட் நுரை எளிதில் பற்றிக்கொண்டது. இந்த மூன்றும் பிக்கப் வண்டி ஓட்டியவர் செய்தவை இல்லை.

சரி, இப்போது அந்தத் தேதிக்கு வருவோம்.

அமெரிக்காவில் வாகனப் பாதுகாப்பு என்று ஒரு சட்டம் வந்ததே 1966-இல்தான். அதற்கு முந்தைய வருடம் ரால்ஃப் நாடர் கார் கம்பெனிகளைக் கிழித்துத் தொங்கவிட்டு ஒரு புத்தகம் போட்டிருந்தார். ஜெனரல் மோட்டார்ஸ் அவர் பின்னால் துப்பறிவாளர்களை அனுப்பி மாட்டிக்கொண்டது. அந்தக் கூச்சலில் சட்டம் வேகமாக நிறைவேறியது. ரீகால் என்கிற ஏற்பாடு அதில்தான் கரு. ஆரம்பத்தில் கம்பெனியின் கடமை வண்டிக்காரருக்குக் கடிதம் போட்டுச் சொல்வது மட்டும். 'உங்கள் வண்டியில் இன்ன குறை இருக்கிறது' என்று தெரிவித்தால் போதும், சரிசெய்யும் செலவு யார் தலையில் என்று சட்டம் சொல்லவில்லை. இலவசமாகச் சரிசெய்து கொடுக்கணும் என்பது 1974 திருத்தத்தில் சேர்ந்தது.

அதே 1974 திருத்தத்தில்தான் பள்ளி பஸ்களும் வந்தன. அவசர வழிகள், சீட்டின் உறுதி, கூட்டின் உறுதி, எரிபொருள் அமைப்பு என்று ஒரு பட்டியல் போட்டு, இவற்றுக்கெல்லாம் விதி வகுக்கச் சொன்னது நாடாளுமன்றம். கையெழுத்துப் போட்டவர் ஜனாதிபதி ஜெரால்டு ஃபோர்டு. (இந்த ஃபோர்டு வேற, கார் ஃபோர்டு வேற. சொந்தம் ஒன்றும் கிடையாது.) விதிகள் தயாராயின. 1976 அக்டோபர் 26 முதல் அமல் என்று நாள் குறித்தாயிற்று.

அப்புறம்தான் அந்த ஒத்திவைப்பு. தயாரிப்பாளர்களுக்கு அவகாசம் போதவில்லை என்ற பேச்சு எழுந்தது. 1976 கோடையில் நாடாளுமன்றமே தலையிட்டு நாளைத் தள்ளிவைத்தது. அக்டோபர் 26 போய் ஏப்ரல் 1 வந்தது. ஐந்து மாதச் சொச்சம்.

நம் பஸ் மார்ச் 23. முதலில் குறித்த தேதியே நின்றிருந்தால், விதி அமலுக்கு வந்து ஏறக்குறைய ஐந்து மாதம் ஆனபிறகு பிறந்த பஸ் அது. எல்லாரும் 'ஒன்பது நாள்' என்று பேசுகிறார்கள். எனக்கு அதைவிட இந்த ஐந்து மாதம்தான் உறுத்துகிறது. ஒன்பது நாள் விதியின் விளையாட்டு என்று சொல்லிவிடலாம். ஐந்து மாதத்தைக் கேட்டு வாங்கியவர்கள் இருக்கிறார்கள், கொடுத்தவர்கள் இருக்கிறார்கள்.

விதி என்ன கேட்டது? சுமார் 1,800 கிலோ எடையுள்ள ஒரு தடுப்புவண்டியை மணிக்கு 30 மைல் வேகத்தில் பஸ்ஸின் எந்த இடத்தில் மோதவிட்டாலும், டேங்க்கிலிருந்து நிமிடத்துக்கு ஒரு அவுன்ஸ் அளவுக்கு மேல் ஒழுகக் கூடாது. ஒரு அவுன்ஸ் என்றால் ஏறக்குறைய 28 கிராம், இரண்டு மேஜைக்கரண்டி. இதை நிறைவேற்றக் கம்பெனிகள் செய்தது பெரிய விஞ்ஞானம் ஒன்றும் இல்லை. டேங்க்கைச் சுற்றி இரும்புக் கூண்டு ஒன்றைக் கட்டினார்கள். வெல்டிங் பட்டறை வேலை.

இங்கேதான் கையில் வைத்திருக்கச் சொன்ன கேள்வி திரும்ப வருகிறது. புது விதி புது வண்டிக்குத்தான். எல்லா ஊரிலும் அப்படித்தான். ஆனால் ஏற்கெனவே தெருவில் ஓடிக்கொண்டிருக்கும் வண்டிகளை என்ன செய்வது? அதற்காகத்தான் ரீகால். சட்டத்தில் பின்னோக்கிப் பார்க்கும் கண் அது ஒன்றுதான்.

அந்தக் கண் திறப்பதற்கு இரண்டு சாவிகள் உண்டு. ஒன்று, வண்டி கட்டப்பட்ட நாளில் அமலில் இருந்த விதியை மீறியிருக்கணும். இரண்டு, விதியை மீறாவிட்டாலும், 'பாதுகாப்பு சார்ந்த குறைபாடு' இருக்கணும். கேரல்டன் பஸ் முதல் சாவிக்குச் சிக்காது. அது பிறந்த நாளில் அந்த விதியே இல்லை. இரண்டாவது சாவி? டேங்க் வைக்கப்பட்ட இடம் அந்தத் தலைமுறை பஸ்களின் சாதாரண வடிவமைப்பு. ஊரெல்லாம் அப்படித்தான் என்று ஆகிவிட்டால், அதைக் குறைபாடு என்று சொல்ல வாய் வருவதில்லை.

வாய் வராது என்று சொன்னேனே தவிர, வரவே முடியாது என்று இல்லை. இதே ஃபோர்டு, இதே காலம். பின்டோ என்று ஒரு சின்னக் கார். பின்னால் இடித்தால் டேங்க் கிழிந்து தீப்பிடிக்கிறது என்ற புகார். 1977 இலையுதிர்காலத்தில் மார்க் டவி என்ற பத்திரிகையாளர் 'மதர் ஜோன்ஸ்' இதழில் அதை அம்பலப்படுத்தினார். பழைய பின்டோக்களும் அவை கட்டப்பட்ட நாளின் சட்டத்துக்கு உட்பட்டவைதான். பின்னால் இடிக்கும் சோதனை 1977 மாடல்களுக்குத்தான் கட்டாயமானது. ஆனாலும் 1978 மே மாதம் அரசு அதைக் குறைபாடு என்று தீர்மானித்தது. ஜூன் மாதம் ஃபோர்டு 15 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்தது. டேங்க்குக்கும் ஆக்ஸிலுக்கும் நடுவே ஒரு பிளாஸ்டிக் தடுப்பு, பெட்ரோல் ஊற்றும் குழாயைக் கொஞ்சம் நீளமாக்கியது. அதுதான் சிகிச்சை.

ஆக, விதி வருவதற்கு முன்பு பிறந்த வண்டியையும், டேங்க் ஆபத்துக்காகவே, திரும்ப அழைக்க முடிந்திருக்கிறது. அந்த பஸ்ஸுக்கு ஒரு வயது ஆனபோது அது நடந்தது. கார் வாங்கியவர்கள் கோடிக்கணக்கான வாக்காளர்கள், வழக்குப் போட்டார்கள், பத்திரிகை எழுதியது. பள்ளி பஸ்ஸில் போகிற பிள்ளைக்கு அந்த பஸ் தன்னுடையது கூட இல்லை. டேங்க் எந்தப் பக்கம் இருக்கிறது என்று எந்தப் பெற்றோர் குனிந்து பார்த்திருப்பார்? 1977-க்கு முந்தைய பள்ளி பஸ்கள் அமெரிக்கா முழுக்க ஆயிரக்கணக்கில் ஓடிக்கொண்டிருந்தன. 'இது குறைபாடு' என்று சொல்லவைக்கிற அளவுக்குச் சத்தம் வரவில்லை. சத்தம் வர 27 பேர் சாகவேண்டியிருந்தது என்று எழுதினால் மிகைபோலத் தோன்றும். தேதிகளை அடுக்கிப் பார்த்தால் அப்படித்தான் இருக்கிறது.

இன்னொன்று. குறைபாடு என்று அன்றைக்கே யாராவது அறிவித்திருந்தாலும், இலவசமாகச் சரிசெய்யும் கடமைக்கு அப்போது வயது வரம்பு 8 வருடம். 2000-இல் அதை 10 ஆக்கினார்கள், 2015-இல் 15 ஆக்கினார்கள். கேரல்டன் பஸ்ஸுக்கு எரிந்த நாளில் வயது 11.

விபத்துக்குப் பிறகு ஃபோர்டும், சுப்பீரியரின் உரிமையாளராக இருந்த நிறுவனமும் பெரும்பாலான குடும்பங்களுடன் பணம் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டன. இரண்டு குடும்பங்கள் மட்டும் கையெழுத்துப் போட மறுத்தன. பணம் வேண்டாம் என்பதற்காக அல்ல, ஃபோர்டுக்குள் யாருக்கு என்ன தெரியும், எப்போது தெரியும் என்பது திறந்த நீதிமன்றத்தில் வரணும் என்பதற்காக. 1992-இல் கேரல்டனிலேயே விசாரணை தொடங்கியது. வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே அதுவும் சமரசத்தில் முடிந்தது. ஜூரி தீர்ப்பு என்று ஒன்று வரவே இல்லை. குனனின் புத்தகம் பெரும்பாலும் இந்த இரண்டு குடும்பங்களின் கதைதான். அவர் ஃபோர்டின் மீது வைக்கும் கோபம் எனக்குச் சில இடங்களில் கொஞ்சம் அதிகமோ என்று பட்டது; கெட்டவன் ஒருவனைக் கண்டுபிடித்தால் கதை சுலபமாகிவிடும் என்கிற ஆசை எழுத்தாளர்களுக்கு உண்டு. ஐந்து மாதத்தைத் தள்ளிக்கொடுத்த நாடாளுமன்றத்துக்கு எந்த ஜூரியின் முன்னாலும் நிற்கவேண்டி வரவில்லையே.

கென்டக்கி மட்டும் பாடம் படித்தது. அங்கே பள்ளி பஸ்களுக்கு டீசல் எஞ்சின், டேங்க்குக்குக் கூண்டு, எளிதில் பற்றாத சீட். வெளியேற வழிகள் ஒன்பது: முன்கதவு, பின்கதவு, இடப்பக்கம் ஒரு கதவு, அவசர சன்னல் நான்கு, கூரையில் திறப்பு இரண்டு. மற்ற மாநிலங்களும் 1977-க்கு முந்தைய பஸ்களை ஒவ்வொன்றாக ஓரங்கட்டின. ரீகால் செய்யவேண்டிய வேலையைக் காயலான் கடை செய்தது.

ஒரு விஷயம் பலருக்கும் தெரியாது. அந்த ஏப்ரல் 1 விதி, எடை அதிகமான வண்டிகளில் பள்ளி பஸ்ஸுக்கு மட்டும்தான். பெரிய சுற்றுலா கோச், நம் ஊர் ஆம்னி பஸ் மாதிரியானவை, அதற்குள் வராது. மஞ்சள் பெயின்ட் அடித்திருந்தால் டேங்க்கை மோதிப் பார்ப்பார்கள். வெள்ளை பெயின்ட் என்றால் விட்டுவிடுவார்கள்.

அப்படி ஒரு கோச்தான் 2005 செப்டம்பர் 23 காலையில் டெக்சாஸ் மாநிலத்தில் வில்மர் என்ற ஊர் அருகே எரிந்தது. ரீட்டா புயல் வருகிறது என்று ஹூஸ்டன் பகுதியே காலியாகிக்கொண்டிருந்தது. முதியோர் இல்லத்து வயதானவர்களும் அவர்களைக் கவனிக்கும் செவிலியர்களுமாக 44 பேரை ஏற்றிக்கொண்டு முந்தின நாள் மதியம் 3 மணிக்குக் கிளம்பிய வண்டி, நெரிசலில் ஊர்ந்து ஊர்ந்து 15 மணி நேரம் ஓடியிருந்தது. காலை 6 மணி வாக்கில் பக்கத்தில் போன ஒருவர், வலது பின்சக்கரத்தின் குடம் கனல் மாதிரி சிவந்திருப்பதைப் பார்த்துச் சொன்னார். ஓட்டுநர் ஓரங்கட்டினார். சக்கரத்தில் தீ. நடக்க முடியாதவர்களை ஒவ்வொருவராகத் தூக்கி இறக்க ஆரம்பித்தார்கள், வழியில் போனவர்களும் வந்து கைகொடுத்தார்கள். 23 பேரைக் காப்பாற்ற முடியவில்லை.

காரணம், பின்னால் பாரம் தாங்குவதற்காக இருக்கும் துணை ஆக்ஸிலின் பேரிங்கில் மசகு போதவில்லை. கிரீஸும் ஆயிலும் பார்க்கிற மெக்கானிக் பையன் கவனித்திருக்கவேண்டிய விஷயம். பேரிங் காய்ந்து, சூடேறி, டயர் பற்றிக்கொண்டது. இதற்கு ரீகாலைக் கூப்பிட முடியாது, கம்பெனி கொடுத்த வண்டி சரியாகத்தான் இருந்தது, வைத்துக்கொண்டவர் பார்க்கவில்லை. ஆனால் அதே வாரியம் இதிலும் இரண்டாவது வரியை எழுதியது: சக்கரப் பொந்தை ஒட்டிய பாகங்கள் தீயைத் தாங்கும் பொருளால் செய்யப்படவில்லை, அதனால்தான் தீ அத்தனை சீக்கிரம் உள்ளே ஏறியது. வண்டிக்குள் எதை வைத்துக் கட்டலாம் என்பதற்கு அமெரிக்காவில் இருந்த விதி 1970-களின் தொடக்கத்தில் வந்தது. சீட்டில் விழும் சிகரெட், தீக்குச்சி மாதிரி சின்ன நெருப்பை மனதில் வைத்தது. நிமிடத்துக்கு 4 அங்குலத்துக்கு மேல் தீ பரவக் கூடாது என்பது கணக்கு. எரிகிற டயரின் முன்னால் அந்தக் கணக்கு எதற்கு ஆகும்?

நம் பக்கத்துக் கணக்கையும் கொஞ்சம் பார்க்கவேண்டியிருக்கிறது. 2013 அக்டோபர் 30 விடியற்காலையில் பெங்களூரிலிருந்து ஹைதராபாத் போன சொகுசு பஸ் மகபூப்நகர் மாவட்டத்தில் பாலெம் என்ற இடத்தில் சின்னப் பாலத்தின் சுவரில் மோதி எரிந்ததில் 45 பேர் இறந்தார்கள். இரண்டு வாரம் கழித்து ஹாவேரி அருகே இன்னொரு பஸ், 7 பேர். அப்போது இந்தியாவில் ரீகாலுக்கு என்று சட்டமே கிடையாது. தயாரிப்பாளர்களின் சங்கமான சியாம், 2012-இல் தானாகவே வகுத்துக்கொண்ட ஒரு நடைமுறை மட்டும் இருந்தது. மனசாட்சி இருந்தால் அழைக்கலாம், அவ்வளவே.

சட்டம் 2019-இல்தான் வந்தது. மோட்டார் வாகனச் சட்டத் திருத்தத்தில் 110ஏ என்று ஒரு பிரிவு. விதிகள் 2021 ஏப்ரல் 1 முதல் அமல். (இங்கேயும் ஏப்ரல் 1. தற்செயல்தான், நிதியாண்டுத் தொடக்கம்.) இத்தனை சதவீதம் பேர் புகார் கொடுத்தால் அரசே திரும்ப அழைக்கச் சொல்லலாம், கம்பெனிக்கு ஒரு கோடி ரூபாய் வரை அபராதம் உண்டு. 2022 ஜனவரியில் தொலைதூர பஸ்களிலும் பள்ளி பஸ்களிலும் பயணிகள் பகுதியில் தீ எச்சரிக்கைக் கருவி வைக்கணும் என்று அறிவிக்கை வந்தது. புதிதாகக் கட்டப்படும் வண்டிகளுக்கு.

எனக்குக் குழப்பமான இடம், யாரை அழைப்பது என்பது. கேரல்டன் பஸ்ஸில் டேங்க் வைத்தவர் ஒருவர், அந்த டேங்க்குக்கு முன்னால் வாசலையும் பின்னால் குறுகிய கதவையும் வைத்தவர் இன்னொருவர். தனித்தனியாகப் பார்த்தால் இருவரும் அவரவர் வேலையைச் சட்டப்படி செய்தவர்கள். இரண்டையும் ஒட்டவைத்தபோது உண்டான ஆபத்து யாருடைய வரைபடத்திலும் இல்லை. கரூர்ப் பக்கம் நெடுஞ்சாலையில் போனவர்கள் பார்த்திருப்பீர்கள்: கூடு இல்லாத வெறும் சேஸி வரிசையாக வரும்; முன்கண்ணாடிகூட இல்லாமல் ஓட்டுநர் துண்டை முகத்தில் சுற்றிக்கொண்டு காற்றைக் கிழித்துக்கொண்டு போவார். பாடி கட்டும் பட்டறைகளுக்குப் போகிற வண்டிகள். சேஸி ஒரு பெரிய கம்பெனியுடையது, கூடு பட்டறையுடையது, ஏ.சி. வேறொருவர், உள் வயரிங், எல்.இ.டி. அலங்காரம், டிவி, சார்ஜர் பாயின்ட் எல்லாம் முதலாளி கேட்டபடி. பஸ் பாடிக்கென்று தர விதி இருக்கிறது, பட்டறைக்கு அங்கீகாரம் வேணும், அதெல்லாம் உண்டு. ஆனால் சீட்டு பஸ்ஸாகப் பதிவானதைப் பிற்பாடு படுக்கை பஸ்ஸாக மாற்றினால், அவசர சன்னலை மறைத்து ஒரு பெர்த் போட்டால், அதற்கான ரீகால் கடிதம் எந்த முகவரிக்குப் போகும்?

அப்புறம் வயது. நம் விதிப்படி கட்டாய ரீகால் 7 வருடத்துக்கு உட்பட்ட வண்டிகளுக்குத்தான். ஒரு பெரிய டிராவல்ஸ் முதல் சில வருடம் ஓட்டிவிட்டுக் கைமாற்றும். வாங்கியவர் கொஞ்ச காலம் ஓட்டி இன்னொரு மாநிலத்தில் விற்பார். கடைசியில் கல்யாண பார்ட்டி, கோயில் டூர், பள்ளி சுற்றுலா என்று வாடகைக்குப் போகிற நிலைக்கு அது வந்துசேரும்போது ஏழு வருடம் எப்போதோ தாண்டியிருக்கும். ராட்கிளிஃப் சர்ச்சுக்கு வந்துசேர்ந்த பஸ்ஸும் இதே வழியில் வந்ததுதான். பள்ளி பஸ்ஸாக இருந்ததன் அடையாளமாக அதில் இன்னும் மிச்சம் இருந்தவை, மூன்று பேர் உட்காரும் சீட்டுகளும் அந்த 12 அங்குல நடைபாதையும்.

இப்போது 71-ஆம் எண் நெடுஞ்சாலையில் அந்த இடத்தில் ஒரு பலகை இருக்கிறது. கொடிய பஸ் விபத்து நடந்த இடம் என்றும் 1988 மே 14 என்றும் அதில் எழுதியிருக்கிறது.